டேப்பில் ஒரு பட்டன் குறைவு

அக். 4, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மொட்டைமாடித் துணியை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை போட்டதுதான் மிச்சம்.

டேப்லெட் ஆர்டர் போட்டாயிற்று. பத்து அங்குலத் திரை. யாரோ வாங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது, சரிபார்த்து மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. பாதி விலைக்கும் கீழே. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் வாங்குவதுதான் வாங்குவது. மற்ற நாளில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தள்ளுபடியில் வாங்கி இதுவரை நான் ஏமாந்ததில்லை. சரித்திரம்:
– மிக்ஸி, மூன்று ஜார். ஓடுகிறது.
– நடையை எண்ணுகிற கைக்கடிகாரம். ஓடுகிறது. உட்கார்ந்திருந்தாலும் எண்ணுகிறது, அது வேறு விஷயம்.
– ஸ்பீக்கர். மகள் லதா கூடுவாஞ்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.
– பவர் பேங்க் இரண்டு. ஒன்று ஓடுகிறது.

டேப் எனக்கில்லை, என் மனைவி பரிமளாவுக்கு. பக்கவாதம் வந்து நாலு மாதம். கால் தேறிவிட்டது. வலது கை பாதி. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாய் திறந்தால் ஒரே ஒரு சொல்: "ஆமா." தாம்பரம் ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் இருபத்திரண்டு வருடம் பூக்கடை போட்டவள். அவள் கூவினால் மேம்பாலப் படியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அவளுடைய பழைய போனைப் போட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. நாலு மாதமாக அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது. அவளிடம் கேட்டேன். ஆமா என்றாள்.

அக். 7, செவ்வாய்

தூறல். டேப் வந்தது. கொண்டுவந்த பையனுக்கு இரும்புலியூரில் நம் தெரு கிடைக்காமல் மூன்று முறை போன். கடைசியில் பிள்ளையார் கோயில் வரை நானே போய் அழைத்து வந்தேன். ப.வின் போனை வாங்கி, திரையைத் தடவிப் பார்த்து, உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, பையில் போட்டுக்கொண்டான். ஐந்து நிமிட வேலை. ப. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனை: பின்பக்கம் ஒரு கீறல். பேட்டரி சுமார். சத்தம் நன்று. மொத்தத்தில் லாபம்.

மாலை தனசேகர் வந்தான், ப.வின் தம்பி. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் அருகே தள்ளுவண்டியில் போன் கவர், சார்ஜர், இயர்போன் வியாபாரம். டேப்புக்கு அவனே டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தான், ஒரு காற்றுக்குமிழி இல்லாமல். பண்டிகைக் கூட்டம் ஆரம்பித்தால் அங்கே வண்டியை நிறுத்த விடமாட்டார்கள், வருடா வருடம் விரட்டுகிறார்கள் என்று புலம்பினான். அதனால்தான் போன மாதம் ப.விடம் கடை இடத்தைக் கேட்டான். சும்மா மூடித்தானே இருக்கிறது, நான் எடுத்துக்கொள்ளவா என்று. அவள் ஆமா என்றாள். நானும் சரி என்றேன். அவள் வீட்டில் ஓய்வாக இருக்கட்டும், அவனும் பிழைக்கட்டும். தீபாவளிக்கு முன் ஆரம்பிக்கப் போகிறானாம். சரக்குக்குச் சொல்லியாயிற்று. வியாழன் பதினாறு நல்ல நாள், அன்றைக்கு முறையாக வந்து அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றான். நல்ல பையன்.

அக். 8, புதன்

நாள் முழுக்க டேப் வேலை. படத்தைத் தொட்டால் குரல் வருகிற மாதிரி ஒரு செயலி, இலவசம். கட்டம் கட்டமாக நாமே படமும் குரலும் போட்டுக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரவேண்டியதில்லை. லிஃப்ட் பேனல் மாதிரியே நாலு வரிசை, வரிசைக்கு நாலு பட்டன்:

தண்ணி, டீ, சோறு, கஞ்சி
பாத்ரூம், படுக்கணும், மாத்திரை, வலிக்குது
டிவி, ஃபேன், லதா, தம்பி
சாமி, வெளியே, குளிர், மணி

மணி என்றால் அவசர மணி. லிஃப்டில் அது இல்லாமல் சான்றிதழ் தரமாட்டார்கள்.

எல்லாவற்றையும் என் குரலிலேயே பதிந்தேன். ப. முதலில் தண்ணியைத் தொட்டாள். "எனக்குத் தண்ணி வேணும்" என்று நான் பேசினேன், டேப்பிலிருந்து. அவள் என்னைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கோளாறு: பயனாளர் பயன்படுத்த மறுப்பு.
காரணம்: ஆண் குரல்.
செய்தது: இயந்திரப் பெண் குரலுக்கு மாற்றினேன்.

"எனக்குத் தாகமாக இருக்கிறது." செய்தி வாசிக்கிற அம்மா மாதிரி. ப. சிரித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு, எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு டேப்பைத் தொடவில்லை.

அக். 10, வெள்ளி

வெயில். மருத்துவமனை, பேச்சுப் பயிற்சி. ஷேர் ஆட்டோவில் ப. ஓரமாக உட்கார்ந்தாள், நல்ல தைரியம்.

பயிற்சி கொடுப்பவர் நிஷா மேடம், லதாவைவிடச் சின்னவர். டேப்பைக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் காட்டினேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பதினாறு கட்டத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணு வேணாம்னா எதைத் தொடுவாங்க சார்?" என்றார்.

வேண்டாமென்றால் தொடாமல் இருந்தால் போயிற்று என்றேன். போகிற மாடிக்குத்தான் லிஃப்டில் பட்டன், போகாத மாடிக்குப் பட்டன் வைக்கிற கம்பெனி உலகத்திலேயே கிடையாது. நல்ல பதில் என்றே அப்போது நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ப.விடம் திரும்பி, உங்கள் பேர் பரிமளாவா என்று கேட்டார். ஆமா. உங்கள் பேர் நிஷாவா? ஆமா. சொல்லிவிட்டு ப. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

பிறகு இரண்டு அட்டைகளை மேஜையில் வைத்தார். ஒன்றில் சரி என்கிற குறி, ஒன்றில் பெருக்கல் குறி. மறுபடி அதே கேள்விகள். எல்லாவற்றுக்கும் வாய் ஆமா என்றது. விரல் மட்டும் போகவேண்டிய அட்டைக்குப் போனது. பத்துக் கேள்வி, பத்தும் சரி.

"அந்த ஒரு வார்த்தைதான் சார் மிச்சம் இருக்கு. எதைச் சொல்ல நினைச்சாலும் அதான் வரும். அது சம்மதம் இல்ல."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நாலு மாதத்தில் அவள் ஆமா சொன்னவற்றை எழுதிப் பார்த்தேன்:
– முடியை ஒட்ட வெட்டியது, சீவ வசதியாக இருக்கும் என்று.
– தினம் ராத்திரி கோதுமைக் கஞ்சி.
– லதாவின் சீமந்தத்துக்கு இவள் கட்டிய சேலையை லதாவுக்கே கொடுத்தது.
– போன்.
– கடை.

அட்டைகளை மேடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கஞ்சியைப் பற்றி மட்டும் கேட்டேன். பெருக்கல். அட்டையில் விரலால் நாலு தட்டுத் தட்டினாள். தோசை வார்த்துக் கொடுத்தேன். கடையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தனசேகரிடம் வாக்குக் கொடுத்தவன் நான்.

அக். 11, சனி

காலை மழை, பிறகு நசநச.

வேண்டாம் என்கிற பட்டனை இன்றைக்கே சேர்க்கவேண்டும். யார் குரலில்? என் குரல் ஆகாது. இயந்திரக் குரல் சிரிப்புக்குத்தான் லாயக்கு. அவள் குரலிலேயே இருந்தால் என்ன என்று தோன்றியது. அவளுக்கு டைப் அடிக்க வராது, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். பால் வாங்கி வாருங்கள், மழை வருகிறது துணியை எடுங்கள், எங்கே போய்த் தொலைந்தீர்கள், எல்லாம். உற்சாகமாகப் போனைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றாம் தேதி தவறாமல் மெசேஜ்களை அழித்து மெமரியைச் சுத்தம் செய்கிறவன் நான். லதாவுக்கே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவள் போனில் இருந்திருக்கும். அதைத்தான் செவ்வாய்க்கிழமை கொடுத்தேன்.

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். அழித்தது திரும்ப வராது சார் என்று அந்தப் பெண் நான்கு முறை மரியாதையாகச் சொன்னாள். கொஞ்சம் தள்ளுபடிக்காக என் மனைவியின் குரலைக் கொடுத்திருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் அதுதான்.

மதியம் தாம்பரம், பழம் வாங்க. மேரியிடம்தான் வாங்குவது, ப.வின் கடைக்குப் பக்கத்துப் பழக்கடை. ப.வின் இடத்தில் பச்சை பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டி மடக்கி வைத்திருக்கிறாள், வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி. ப. எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, அவள் சத்தம் இல்லாமல் எனக்கு இங்கே பொழுதே போவதில்லை, அவ்வப்போது போனில் போட்டுக் கேட்டுக்கொள்வேன் என்றாள். எதைப் போட்டு என்று கேட்டேன். போனை நீட்டினாள்.

இருந்தன. நூற்றுக்கும் மேலே. பக்கத்துப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு இத்தனை மெசேஜா என்றால், மழை நாளில், காய்ச்சல் நாளில், காலையில் கடை திறக்கும் முன் அனுப்பியதாம்.

பழக்கூடை மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டேன். பின்னால் செங்கல்பட்டு ரயில் அறிவிப்பு. காதில் என் பரிமளா. எனக்கு அழுகை வந்துவிட்டது, மேரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் மேரி அவசரமாகத் தள்ளிவிட்டாள். அது என்ன என்றேன். "அத்த வுடுண்ணா. சும்மா பேசினது." விடமாட்டேன் என்றேன். நான் ரிட்டையர் ஆன மாதத்தில் அனுப்பியது.

"மேரி, அந்த மனுசன் வூட்லயே குந்திகினு டப்பாவுக்கெல்லாம் பேரு எழுதி ஒட்டிகினு கீறாரு. உப்புன்னு எழுதி ஒட்டிகீறாரு மேரி, உப்பு எனக்குத் தெரியாதா? கடைக்கு வந்து குந்துனாதான் எனக்கு மூச்சே வருது. உசுரு கீற வரைக்கும் இந்த எடத்த நான் வுட மாட்டேன்."

அதையும் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். ஆப்பிள் வாங்க மறந்துவிட்டேன்.

அக். 13, திங்கள்

நேற்றும் இன்றும் வெட்டு ஒட்டு வேலை. மேரியிடமிருந்து நூற்றுப் பதினேழு, லதாவிடமிருந்து முப்பத்தெட்டு, மொத்தப் பூ வியாபாரியிடமிருந்து ஒன்பது. எல்லாவற்றையும் கேட்டு, தேவையான சொல்லை மட்டும் நறுக்கி எடுப்பது. பின்னால் ரயில், ஹாரன், குக்கர் விசில், எல்லாம் சேர்ந்தே வருகிறது. வரட்டும்.

தண்ணி கிடைத்தது. டீ நிறையக் கிடைத்தது. மாத்திரை கிடைக்கவில்லை, அவள் மாத்திரை பற்றிப் பேசியவளே இல்லை. அந்தப் பட்டனையே எடுத்துவிட்டேன். சோறு கிடைக்கவில்லை, "சாப்டியா", "வா சாப்டு" இருந்தன. யாரிடமும் தனக்கு வேண்டும் என்று அவள் சொன்னதே இல்லை போல. நான் போட்ட பட்டன் பாதிக்கு அவளிடம் சொல் இல்லை, அவளிடம் இருக்கிற சொல்லுக்கு என்னிடம் பட்டன் இல்லை. பேனலையே கலைத்து மறுபடி கட்டினேன்.

வேணாம் பதினோரு விதமாகக் கிடைத்தது. இந்த முறை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பதினொன்றையும் போட்டுக் காட்டி, அட்டைகளை முன்னால் வைத்தேன். பூ வியாபாரிக்கு அனுப்பியதில் நின்றாள்: "வேணாம். வாடுன பூவ என் தலைல கட்டாத." சரி அட்டை. வேணாம் மட்டும் நறுக்கவா என்றேன். சரி. சிவப்புக் கட்டம், கீழே நடுவில், பெரியதாக.

தன் குரலை முதல் முறை தொட்டுக் கேட்டபோது டேப்பின் மேல் கையை வைத்து அப்படியே இருந்தாள். பிறகு தொடர்ந்து ஒரு மணி நேரம். வேணாம், வேணாம், வேணாம். கீழ் வீட்டம்மா என்ன என்று எட்டிப் பார்த்தார்.

அக். 16, வியாழன்

மேகமூட்டம். சமையல்: சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம். அப்பளம் கொஞ்சம் கருகல்.

பதினொரு மணிக்குத் தனசேகர் வந்தான். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, அக்காவுக்கு ஒரு புடவை. முறையாகச் செய்கிறான், குறை சொல்ல முடியாது. முன்னாலேயே போன் செய்து சொல்லியிருக்கவேண்டும் நான். மூன்று நாளாகப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். லிஃப்ட் கதவு இடுக்கில் கையை விட்டுப் பழகியவனுக்கு இது முடியவில்லை.

உட்கார வைத்துச் சொன்னேன். மச்சான், போன மாதம் உன் அக்கா சொன்ன ஆமாவை நம்பாதே, நானும் தெரியாமல் நம்பிவிட்டேன், இன்னொரு தடவை கேள் என்று. அவன் முகம் சுருங்கியது. இருந்தாலும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, கடைய நான் எடுத்துக்கினு நடத்தறேன். சரியாக்கா?"

"ஆமா" என்றது வாய். அதே சமயம் இடது கை விரல் சிவப்புக் கட்டத்தில். "வேணாம்" என்றது டேப். இரண்டும் அவள் குரல். இரண்டும் ஒன்றாக.

தனசேகர் என்னைப் பார்த்தான். "இன்னா மாமா இது. எத்த எடுத்துக்கறது?"

"விரலை எடுத்துக்கோ" என்றேன்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். சரக்கு வந்து இறங்கிவிட்டது, இப்போது சொன்னால் எப்படி, பெருங்களத்தூரில் விரட்டினால் எங்கே போவேன் என்றெல்லாம் என்னிடம்தான் கேட்டான். நியாயமான கேள்விகள். தப்பு என்னுடையது என்றேன். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது. செருப்பைப் போட எழுந்தான்.

அப்போது டேப்பிலிருந்து: "தம்பி." அவன் நின்றான். "வா, சாப்டு." மறுபடி, "வா, சாப்டு." அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். நாலு மாதமாக அவள் தன்னைக் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கவேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டான். புடவையை மட்டும் திருப்பி எடுத்துப் போகவில்லை.

பிறகு ப. கடைப் படத்தைத் தொட்டுத் தம்பி படத்தைத் தொட்டாள். விரலை ஓரத்தில் வைத்துக் காட்டினாள். கடையில் ஓரமாக உனக்கும் இடம் உண்டு என்கிறாளா என்று கேட்டு அட்டையை வைத்தேன். சரி. ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் சார்ஜர். தனசேகர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனான். சொல்வான்.

அக். 18, சனி

தூறல், வெயில், தூறல். இன்று கடை திறந்தது.

எட்டு மணிக்கே போய்விட்டோம். மேரி பச்சை ஷீட்டை அவிழ்த்தாள். ப.வால் பூக் கட்ட முடியாது, அதனால் கட்டின பூவாக வாங்கியாயிற்று. மல்லி, முல்லை, கதம்பம், சாமந்தி. டேப்புக்குப் பழப்பெட்டியைக் கவிழ்த்து மேடை, மழைக்குப் பிளாஸ்டிக் உறை, பவர் பேங்க் (ஓடுகிற ஒன்று). இரவு முழுக்கச் சார்ஜ்.

முதல் கோளாறு பத்து நிமிடத்தில். ஈர விரல். பூக்காரி கை எப்போதும் ஈரம், திரை அது பாட்டுக்குத் தாவுகிறது. மல்லி கேட்டவருக்கு "சாமி" என்று சொன்னது. மடியில் ஒரு காய்ந்த துண்டைக் கட்டிவிட்டேன். சரியாயிற்று.

கூட்டம் வந்தது. பழைய வாடிக்கைகள் நின்று விசாரித்தார்கள். டேப் பேசியதும் ஒரு டீச்சர் அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பேரம் பேசியவர்களுக்குச் சிவப்புக் கட்டம், தயவே இல்லை. நான் பக்கத்தில் நின்று உதவினேன். மல்லி முழம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் அவள் தொடுவதற்குள் நான் சொன்னேன். சில்லறை நான் கொடுத்தேன். திரையை நான் துடைத்தேன். மேடையைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன், பிறகு கொஞ்சம் வலது பக்கம். இவளுக்குப் பேச்சு வராதும்மா, சொல்வதெல்லாம் புரியும் என்று நாலைந்து பேருக்கு விளக்கினேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். ப. என் கையிலிருந்த துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கட்டத்தைத் தொட்டாள். லதாவின் மெசேஜ்களிலிருந்து நறுக்கியது. எதற்காவது உதவும் என்று நானே போட்டது.

"நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

மகளுக்குச் சொன்னது, அதனால் நீ. முப்பத்துநாலு வருடத்தில் என்னை அவள் நீ என்றதில்லை. மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எலுமிச்சையை அடுக்கினாள். ஆறு மணிக்கு ஆட்டோவில் நானே கூட்டி வந்து விடுகிறேன் அண்ணா என்றாள். நான் நின்றேன். ப. மறுபடி அதையே தொட்டாள். கோபமில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை, முல்லை கேட்ட ஒரு பெண்ணுக்கு முழம் போட்டுக்கொண்டிருந்தாள், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, பாதிக் கையால் மெதுவாக, ஆனால் சரியாக.

கிளம்பினேன். மேம்பாலப் படியில் ஏறி நின்று பார்த்தேன். பத்து நிமிடம். நான் இல்லாமல் ஒன்றும் குறையவில்லை. கொஞ்சம் வலித்தது, எழுதிவிடுகிறேன்.

இரும்புலியூர் வரை நடந்தே வந்தேன். வீட்டு வாசலில் சட்டைப்பையைத் தடவினால் சாவி இல்லை. அவள் பையில் இருக்கிறது. திரும்பிப் போய்க் கேட்கலாம், இருபது நிமிட நடை. போகவில்லை. படியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோன நோட்டில் இதை எழுதுகிறேன். மணி நாலேகால். ஆறு மணிக்கு வந்து திறப்பாள்.